கார் ஸ்பீக்கர் அடிக்கடி போகிறதா? அடுத்த ஜோடிக்குப் பணம் கட்டாதீர்கள்

எட்டு மாதத்தில் மூன்று ஜோடி. ஜோடி 4,500 ரூபாய், ஒவ்வொரு தடவையும் மாட்டுக்கூலி தனி. ஒரு ஹேட்ச்பேக் காரின் முன்கதவு ஸ்பீக்கர்களுக்கு ஆன செலவு இது. முதல் தடவை கடையில் சொன்னது, "சவுண்டு அதிகமா வச்சிருப்பீங்க சார்." அடுத்தது, "அந்த மாடலே வீக்கு, ஒரு படி மேல போட்டுடலாம்." மூன்றாவது, "காயில் எரிஞ்சிருக்கு, எரிஞ்சா வாரண்டி கிடையாது." மூன்று தடவையும் சீட்டுக்கு அடியில் இருந்த ஆம்ப்ளிஃபையரை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அதில் கெயின் கடைசி வரை திருகியிருந்தது, பேஸ் பூஸ்ட் உச்சத்தில், ஃபில்டர் சுவிட்ச் ‘ஃபுல்’லில். அப்படி வைத்துக் கொடுத்ததும் அதே கடைதான்.

கெயின் என்பது வால்யூம் அல்ல. டேஷ்போர்டில் இருக்கும் பாட்டு செட்டிலிருந்து வரும் சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்தி வைக்கும் திருகு அது. அளவு மீறினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகும். 50 வாட்ஸ் ஆம்ப் அதற்கும் மேலான சக்தியைக் காயிலுக்குள், அதாவது ஸ்பீக்கரின் கம்பிச்சுருளுக்குள் தள்ளும். பெரும்பாலும் ட்வீட்டர் (கீச்சென்ற மேல் ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) முதலில் போகும். மேல் மாடல் போட்டால் கொஞ்ச நாள் கூடத் தாங்கும், அவ்வளவுதான்.

எனவே கழற்றிய ஸ்பீக்கரைக் கடையில் விடாமல் கேட்டு வாங்குங்கள். காரணம் அதிலேயே இருக்கும். இரண்டு கட்டைவிரலாலும் கோனை, அதாவது முன்பக்கக் காகிதக் கூம்பை, சமமாக மெல்ல அழுத்துங்கள். கரகரவென்று உரசினாலோ, கருகல் வாடை வந்தாலோ காயில் சூட்டில் போயிருக்கிறது. மல்ட்டிமீட்டரில் 4 ஓம் ஸ்பீக்கர் 3.2 முதல் 3.8 வரை காட்ட வேண்டும். எதுவுமே காட்டாமல், கோன் மட்டும் வழுவழுப்பாக அசைந்தால் டெர்மினலிலிருந்து கோனுக்குப் போகும் பின்னல் கம்பியைப் பாருங்கள். கீழ் பேஸ் அடித்து அடித்து அது அறுந்திருக்கும். காகிதம் ஊறி, மேக்னெட் துருப்பிடித்திருந்தால் டோர் பேடுக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டை மாட்டும்போது கிழித்திருக்கிறார்கள். ஜன்னல் கண்ணாடி இடுக்கு வழியாகக் கதவுக்குள் மழைத்தண்ணீர் இறங்குவது சகஜம், அதைத் தடுக்கத்தான் அந்த ஷீட்டே.

காயில் எரிந்திருந்தால் கெயினை அளந்து வையுங்கள். ஸ்பீக்கர் வயரை ஆம்பிலிருந்து கழற்றி, பேஸ் பூஸ்டை அணைத்து, செட்டின் ஈக்வலைசரைச் சமமாக வைத்து, வால்யூமை முக்கால் அளவுக்கு ஏற்றுங்கள் (40 வரை இருந்தால் 30). 300 ஹெர்ட்ஸ் டோனை (ஒரே சீராக ஒலிக்கும் சோதனை ஒலி) ஓடவிடுங்கள். விலை குறைந்த மீட்டர்கள் 400க்கு மேல் சரியாகக் காட்டாது. மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஆம்பின் ஸ்பீக்கர் டெர்மினலில் பிடித்துக்கொண்டு கெயினைப் பூஜ்யத்திலிருந்து ஏற்றுங்கள். ஆம்பின் ஆர்எம்எஸ் வாட்ஸை (தொடர்ந்து தரக்கூடிய சக்தி) ஸ்பீக்கரின் ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் நிறுத்த வேண்டிய வோல்ட் வரும்: 50 வாட்ஸ், 4 ஓம் என்றால் 14.1. அட்டைப்பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் ‘மேக்ஸ் 300’ஐ வைத்துக் கணக்குப் போட்டால் 34.6 வரும்; அந்த ஆம்ப் அங்கே போகவே போகாது, கெயின்தான் கடைசி வரை போகும்! முடித்ததும் கீழ் பேஸைத் தடுக்கும் ஹைபாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். ஆறரை இன்ச் கதவு ஸ்பீக்கருக்கு அதற்குக் கீழே வேலை இல்லை.

ஒரே கதவில் மட்டும் திரும்பத் திரும்பப் போனால் கெயினைச் சந்தேகிக்க வேண்டாம். கதவுக்கும் பாடிக்கும் நடுவே ரப்பர் குழாயில் வரும் வயர் மடங்கி மடங்கித் தேய்ந்து பாடியில் தொடுகிறதா என்று பாருங்கள். ஸ்பீக்கர் வயரை ஆம்பிலிருந்து (ஆம்ப் இல்லாவிட்டால் செட்டிலிருந்து) கழற்றிவிட்டு அளந்தால் வயருக்கும் பாடிக்கும் தொடர்பே இருக்கக் கூடாது.

இன்னொரு தந்திரமும் நடக்கிறது. செட்டின் ஸ்பீக்கர் வயருக்கும் பாடிக்கும் மீட்டர் வைத்து, "6 வோல்ட் டிசி வருது பாருங்க, செட்டு அவுட்டு" என்பார்கள். பெரும்பாலான கார் செட்டுகளில் பேட்டரியின் பாதி வோல்ட் அங்கே இருப்பது இயல்பு. அளக்க வேண்டியது ஒரே ஸ்பீக்கரின் இரண்டு வயர்களுக்கு இடையே, பாட்டு ஓடாமல். சில பத்து மில்லிவோல்ட் பரவாயில்லை. அரை வோல்ட்டைத் தாண்டினால் நிஜமாகவே பழுது. அதைச் சரிசெய்யாமல் புது ஸ்பீக்கர் மாட்டாதீர்கள்.

பில்லில் ஸ்பீக்கர் மாடல், ஆம்ப் மாடல், மாட்டிய தேதி மூன்றையும் எழுதி வாங்குங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லும்போது அது கைகொடுக்கும். "ஃபிட்டிங்" என்று மட்டும் கிறுக்கிய துண்டுச்சீட்டு அங்கே உதவாது.