புகை வருகிறது, ஆயில் குறையவில்லை: காவேரிப்பட்டணம் பக்கத்துப் பட்டறையில் என் டிரிஃப்ட் கார்

இந்தப் பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரி போகிற வழியில், காவேரிப்பட்டணம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், சர்வீஸ் ரோட்டை ஒட்டி ஒரு தகர ஷெட், முன்னால் ஒரு புளியமரம், எப்போதும் இரண்டு லாரி நின்றுகொண்டிருக்கும். லாரிக்காரர்கள் யாரைக் கேட்டாலும் காட்டி விடுவார்கள். அங்கே ஒரு டிரிஃப்ட் காரை, அதாவது பின் சக்கரத்தை வேண்டுமென்றே வழுக்க விட்டு ஓட்டுகிற காரை, கொண்டுபோய் நிறுத்துவதற்கு எனக்கே ஆரம்பத்தில் தயக்கமாகத்தான் இருந்தது.

வண்டியைப் பற்றிச் சொன்னால்தான் மீதி புரியும். 2003 மாடல் பி.எம்.டபிள்யூ 325ஐ, ஈ46 பாடி, எம்54 இன்ஜின், வரிசையாக ஆறு சிலிண்டர். சென்னைப் பக்கம் பி.எம்.டபிள்யூ தொழிற்சாலை வந்ததே 2007இல்தான், அதற்கு முந்தைய வண்டி இது. பின் சக்கரம் இரண்டும் சேர்ந்தே சுற்றுகிற மாதிரி டிஃபரன்ஷியலை வெல்டு அடித்து, ஹைட்ராலிக் ஹேண்ட்பிரேக் போட்டு, முன் சக்கரம் நன்றாகத் திரும்புகிற மாதிரி ஸ்டீயரிங் பாகங்களை மாற்றி வைத்திருக்கிறேன். இன்ஜினில் மட்டும் கை வைக்கவில்லை. இவ்வளவு மாற்றிய வண்டியைப் பொது ரோட்டில் இறக்கக் கூடாது, நான் இறக்குவதும் இல்லை. மாமாவின் மாங்கூழ் ஃபேக்டரியில் சீசன் முடிந்ததும் பெரிய கான்கிரீட் யார்டு காலியாகக் கிடக்கும், அங்கேதான் ஓட்டுவது. போக வர டோ வண்டிதான்.

போன சீசன் முடிந்து யார்டு கிடைத்ததும் மூன்று தொல்லை ஒன்றாக ஆரம்பித்தன. வலது பக்கம் நீளமாக வழுக்கிக்கொண்டு போகும்போது இன்ஜின் திடீரென்று மூச்சு அடைத்த மாதிரி விழும், நேராக்கினால் உயிர் வந்துவிடும். காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை. நாலைந்து ரவுண்டு ஓட்டிவிட்டு ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல், நின்றபடி ஓட விட்டால் ஆயில் விளக்கு சிவப்பாகக் கண் சிமிட்டும். வேறு ஊரில் ஒரு பெரிய பட்டறையில் காட்டினேன். புகையைப் பார்த்தார்கள், விளக்கைப் பார்த்தார்கள், பிஸ்டன் ரிங் போய்விட்டது, பேரிங்கும் போயிருக்கும், இன்ஜினை இறக்க வேண்டும் என்று 2,80,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு கேஜ் கூட மாட்டிப் பார்க்கவில்லை. இரண்டு நாள் எனக்குத் தூக்கமே வரவில்லை. அப்புறம் டோ வண்டி ஓட்டுகிற அண்ணன்தான் இந்தத் தகர ஷெட்டுக்குக் கூட்டிப் போனார்.

இங்கே மேஸ்திரிக்கு ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். லாரியில் கை பழகியவர், இப்போது பெட்ரோல் வண்டிகளும் பார்க்கிறார். பானெட்டைத் திறக்கும் முன்பே கேள்வி கேட்க ஆரம்பித்தார். எந்தப் பக்கம் திரும்பும்போது அடைக்கிறது, டேங்கில் எவ்வளவு இருந்தது, புகை எப்போது வருகிறது, எத்தனை நாள் ஓட்டாமல் நின்றது. கடைசியாக, ஆயில் எவ்வளவு ஊற்றினாய் என்றார். ஊற்றவே இல்லை அண்ணா, அளவு அப்படியே இருக்கிறது என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "புகை வருது, ஆயில் குறையலைன்னா, குறையுற இடத்தை வேற ஏதோ வந்து நிரப்புது தம்பி" என்றார்.

ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவி மோந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். பெட்ரோல் வாசனை. இத்தனை நாள் நான் குச்சியில் அளவை மட்டும் பார்த்தேன், மோந்து பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. ஒரு சொட்டை வடிகட்டும் காகிதத்தில் விட்டு வைத்தார், கொஞ்ச நேரத்தில் நடுவில் கறுப்பும் அதைச் சுற்றி வெளிறிய ஈர வளையமும் அகலமாகப் பரவியது. புது ஆயிலையும் பக்கத்தில் ஒரு சொட்டு விட்டுக் காட்டினார், அது அப்படிப் பரவவில்லை.

அன்று அவர் ஒரு நட்டைக் கூடக் கழற்றவில்லை, வண்டியை இரவு அங்கேயே விட்டுப் போகச் சொன்னார். மறுநாள் காலை நான் போனபோது தீயணைப்பு சிலிண்டரை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பெட்ரோல் லைனில் கை வைத்தார், இதை நான் தனியாகக் குறிப்பிட விரும்புகிறேன், ஏனென்றால் நான் பார்த்த பல இடங்களில் பீடியோடு நின்று வேலை செய்வார்கள். இந்த இன்ஜினில், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்கு அதைப் பிரித்துக் கொடுக்கும் ரெயில் குழாயின் மேல் டயர் வால்வு மாதிரி ஒரு வால்வு இருக்கிறது, அதில் கேஜை மாட்டினார். ஓடும்போது அழுத்தம் 3.5 பார், இருக்க வேண்டிய அளவுதான். அணைத்ததும் முள் இறங்க ஆரம்பித்து, பத்து நிமிஷத்தில் 1 பாருக்கு வந்துவிட்டது. அழுத்தம் பம்ப் பக்கமாகவும் கசியலாம், ஃபில்டரோடு சேர்ந்த ரெகுலேட்டரிலும் கசியலாம், இன்ஜெக்டரிலும் கசியலாம். மறுபடி அழுத்தம் ஏற்றி அணைத்துவிட்டு, ரெயிலுக்கு வரும் ஓஸை கிளாம்ப் போட்டு இறுக்கினார். அப்போதும் முள் இறங்கியது. பம்ப், ரெகுலேட்டர் பக்கம் குறையில்லை, கசிவது இன்ஜெக்டரில்தான். ரெயிலோடு தூக்கிப் பார்த்தால் 3ஆவதும் 5ஆவதும் சொட்டிக்கொண்டிருந்தன. மழை மாதங்களில் வண்டி நின்றபோது டேங்கில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இருந்தது, எத்தனால் ஈரத்தை இழுக்கும், அதில் இன்ஜெக்டரின் ஊசி கெட்டிருக்கலாம் என்றார். கெட்டிருக்கலாம் என்றுதான் சொன்னார், அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

ஸ்கேனரும் வைத்திருக்கிறார். ஐடிலில் வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துக்கொண்டிருந்தது, லோடில், அதாவது இன்ஜின் இழுத்து ஓடும்போது, கூட்டிக்கொண்டிருந்தது. குறைப்பதற்குச் சொட்டுகிற இன்ஜெக்டரும், சூடான ஆயிலிலிருந்து ஆவியாகி உள்ளே போகும் பெட்ரோலும் காரணம். கூட்டுவதற்கு எத்தனால்: வெறும் பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று என்றால் 20 சதவீத எத்தனாலுக்குச் சுமார் 13.5தான், அப்படியென்றால் அதே காற்றுக்கு அதிகப் பெட்ரோல் கேட்கும். ஆகவே லோடில் ஓரளவு கூட்டுவது நோயில்லை என்று ஒதுக்கி வைத்தார்.

அடுத்தது புகை. கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருப்பார்களே தண்ணீர் டியூப், அதை ஒரு துண்டு வெட்டி வளைத்துத் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை ஆயில் மூடியில் பொருத்தினார். எம்54இல் இன்ஜினுக்குள் இருக்கும் ஆவியை, காற்று உள்ளே போகும் இன்டேக் இழுத்துக்கொள்ளும், இழுவை அளவு மீறாமல் பார்த்துக்கொள்ள மெல்லிய சவ்வு வைத்த ஒரு டயாஃபிரம் வால்வு உண்டு. வால்வு நல்லதாக இருந்தால் தண்ணீர் 10 முதல் 15 சென்டிமீட்டர் ஏறி நிற்க வேண்டும். எங்கள் டியூபில் இருந்த தண்ணீர் முழுவதையும் உறிஞ்சப் பார்த்தது, அவர் சட்டென்று மடக்கிப் பிடித்தார். டயாஃபிரம் கிழிந்திருக்கிறது, ஆயிலை இழுத்து எரிக்கிறது. ரிங் என்று சொன்னார்களே என்று கேட்டேன். கம்ப்ரஷன் கேஜைப் போட்டு ஆறு சிலிண்டரையும் காட்டினார், எல்லாம் 12 பாருக்கு மேல், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் அரை பார் வித்தியாசம் கூட இல்லை, ரிங்கில் குறையில்லை.

வால்வு ஆயிலைத் தின்றுகொண்டிருந்தது, இன்ஜெக்டர் சிலிண்டர் வழியாக ஆயிலுக்குள் பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருந்தது, இரண்டும் சேர்ந்து குச்சியில் கணக்கைச் சரியாகக் காட்டின. ஆயில் விளக்கு சிமிட்டியதற்கும் அதுவே காரணம், பெட்ரோல் கலந்து ஆயில் நீர்த்துவிட்டது. மெக்கானிக்கல் கேஜில் பார்த்தபோது சூட்டில் ஐடிலுக்கு 0.4 பார் காட்டியது, இந்த இன்ஜினுக்குக் குறைந்தது 0.5 வேண்டும். பேரிங் சந்தேகத்தைத் தீர்க்க ஆயில் ஃபில்டரை அறுத்து, காகிதத்தை விரித்து வெயிலில் வைத்துப் பார்த்தோம். மினுமினுப்பு இல்லை. காந்தத்தை ஓட்டினார், ஒட்டவில்லை, ஆனால் பேரிங் உலோகம் காந்தத்தில் ஒட்டாது, அதனால் கண்ணைத்தான் நம்ப வேண்டும் என்றார்.

வலது பக்கம் அடைப்பதை மட்டும் ஷெட்டில் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே யார்டுக்கு வந்தார். கேஜை நீளமான ஓஸில் பானெட்டுக்கு வெளியே எடுத்து, முன் கண்ணாடியில் வெளிப்பக்கமாக டேப் போட்டு ஒட்டினார், பெட்ரோல் ஓஸை வண்டிக்குள் கொண்டுவரவே கூடாது என்று கண்டிப்பு. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து செல்போனில் கேஜைப் படம் பிடித்தார். இடது பக்கம் வழுக்கினால் முள் அசையவில்லை. வலது பக்கம் மூன்று விநாடி தாண்டியதும் 3.5லிருந்து 1.5க்கு விழுந்தது.

இந்த வண்டியின் 63 லிட்டர் டேங்க் கழுதை மேல் போட்ட பொதி மாதிரி நடுவில் மேடாக, இரண்டு பக்கமும் தொங்கும். பம்ப் இருப்பது வலது பக்கம். இடது பக்கத்துப் பெட்ரோலை, திரும்பி வரும் பெட்ரோலின் வேகத்திலேயே உறிஞ்சி வலது பக்கம் அனுப்ப ஒரு ஜெட் பம்ப் உண்டு. வலது பக்கம் திரும்பினால் பெட்ரோல் மேட்டைத் தாண்டி இடது பக்கம் ஓடும், ஜெட் பம்ப் அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். மீட்டரில் மறைந்திருக்கும் டெஸ்ட் மெனுவில் ஆறாவதைத் திறந்தால் இரண்டு பக்க லிட்டரும் தனித்தனியாகத் தெரியும். ஐந்து நிமிஷம் நேராக ஓட விட்ட பிறகும் இடது பக்கம் 14, வலது பக்கம் 9. உள்ளே பார்த்தால் ஜெட் பம்புக்குப் போகும் சின்ன ஓஸ் ஊதிப் பெருத்து, கிளிப்பை விட்டு நழுவிக் கிடந்தது. பழைய ரப்பருக்கு எத்தனால் ஆகவில்லை.

இரண்டு இன்ஜெக்டர், வால்வும் அதன் குழாய்களும், எத்தனால் தாங்கும் ஓஸ், புது ஆயில் 6.5 லிட்டரும் அதற்கு மேல் அரை லிட்டரும், நிரந்தரமாக ஒரு ஆயில் பிரஷர் கேஜ். சோதனைக் கூலி 4,000, மொத்தம் 61,500 ரூபாய். சூட்டில் ஐடில் இப்போது 0.9 பார், புகை இல்லை, அரை டேங்க் இருந்தால் வலது பக்கம் எவ்வளவு நேரம் போனாலும் முள் நிற்கிறது. கால் டேங்கில் இன்னும் லேசாக ஆடுகிறது, அதற்கு, வழுக்கும்போதும் பெட்ரோல் தீராமல் வைத்திருக்கும் 2 லிட்டர் சர்ஜ் டேங்க் போட வேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார். இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பை இறக்கி ஆயில் பம்ப் நட்டைப் பார்ப்பதும் பாக்கி. அந்த நட்டு இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சுற்றினால்தான் இறுகும், அதிக ஆர்.பி.எம்மில் தளர்ந்து கழன்றுவிடும் என்பது எம்54க்குத் தெரிந்த குறை.

குறை சொல்ல வேண்டுமென்றால், பத்து நாளில் முடியும் என்றார், பத்தொன்பது நாள் ஆனது. பாகம் பெங்களூரிலிருந்து வர வேண்டும், சரி, ஆனால் போனை எடுக்கவே மாட்டார், நேரில்தான் போக வேண்டும். அது எனக்குக் கோபமாகவே இருந்தது. பில் கையால் எழுதித் தருகிறார், பழைய பாகங்களை மட்டும் பையில் போட்டுக் கொடுத்துவிட்டார். கம்ப்யூட்டரில் மேப் மாற்றுவது, டியூனிங் செய்வது அவருக்கு வேலையில்லை, அதைக் கேட்டுப் போகாதீர்கள்.

போவதாக இருந்தால் வண்டியை முந்தின நாள் சாயங்காலமே கொண்டுபோய் விடுங்கள், டோ வண்டியிலிருந்து தள்ளி இறக்குங்கள், ஸ்டார்ட் செய்யாதீர்கள். இரவு முழுக்கக் குளிர்ந்த இன்ஜினை அவர்தான் முதலில் ஸ்டார்ட் செய்து பார்ப்பார். நான் முதல் நாள் ஸ்டார்ட் செய்து ஷெட்டுக்குள் ஓட்டிப் போய் நிறுத்தினேன், அதனால்தான் மறுநாள் காலை வரை காக்க வேண்டியிருந்தது.