சஞ்சார் சாத்தி: வீட்டுப் பெரியவர்களுக்கு எது பயன்படும், எது படாது

மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் சஞ்சார் சாத்தி, 2023 மே மாதம் இணையதளமாக வந்தது. 2025 ஜனவரியில் ஆப்பும் வந்தது. கட்டணம் கிடையாது. அறுபது, எழுபது வயதைத் தாண்டியவர்களுக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய சேவை இது. ஆனால் இதைப் போனில் ஏற்றிவிட்டால் மோசடிக்காரன் கூப்பிட மாட்டான், பணம் பத்திரமாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. வருகிற அழைப்பை இது தடுக்காது. மோசடிக்காரனோடு பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே வந்து எச்சரிக்காது. போன பணத்தை மீட்டுத் தராது. முன்கூட்டியே செய்து வைக்க வேண்டிய சில வேலைகளுக்கும், போன் தொலைந்தபின் செய்ய வேண்டிய ஒரு முக்கியமான வேலைக்கும் உரியது இது. அந்த வேலைகளை நன்றாகவே செய்கிறது.

முதலில் ஆப்பா, இணையதளமா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஆண்ட்ராய்டில் ஆப்பைப் பதிவு செய்யும்போது உங்கள் போனிலிருந்து 14522 என்ற எண்ணுக்கு ஒரு எஸ்எம்எஸ் போகும். அழைப்புப் பட்டியல், எஸ்எம்எஸ், கேமரா, படங்கள் ஆகியவற்றுக்கு அனுமதி கேட்கும். சந்தேகமான அழைப்பைப் பட்டியலிலிருந்தே தேர்ந்தெடுத்துப் புகார் செய்யவும், போன் வந்த பெட்டியில் உள்ள பார்கோடை ஸ்கேன் செய்யவும் இந்த அனுமதிகள் வேண்டும். ஐபோனில் இவ்வளவு கேட்பதில்லை. புதிய போன்கள் அனைத்திலும் இந்த ஆப்பை ஏற்றித்தான் விற்க வேண்டும் என்று 2025 நவம்பர் கடைசியில் ஓர் உத்தரவு போட்டார்கள். கடும் எதிர்ப்பு வந்ததும் டிசம்பர் முதல் வாரத்தில் அதைத் திரும்பப் பெற்றார்கள். திரும்பப் பெற்றது சரியான முடிவு. இப்போது ஏற்றுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். அழைப்புப் பட்டியலைக் கொடுக்க மனமில்லாதவர்கள் இணையதளத்திலேயே எல்லா வேலைகளையும் முடிக்கலாம். வருடத்துக்கு ஓரிரு முறை பார்ப்பவர்களுக்கு அதுவே போதும். தினமும் மோசடி அழைப்பு வந்து தொல்லைப்படுபவர்களுக்கு ஆப் வசதி.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் வந்த வழியைப் பாருங்கள். இணைய முகவரி ‘டாட் ஜிஓவி டாட் இன்’ என்று முடிய வேண்டும். ஆப்பைப் பிளே ஸ்டோரிலோ ஆப்பிள் ஆப் ஸ்டோரிலோ தேடி, தொலைத்தொடர்புத் துறை வெளியிட்டதுதானா என்று பார்த்து எடுங்கள். வாட்ஸ்அப்பில் யாராவது ‘ஏபிகே’ கோப்பாக அனுப்பினால் அதைத் தொடவே வேண்டாம். கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதச் சலான் என்ற பெயர்களில் வரும் ஏபிகே கோப்புகள் உங்கள் எஸ்எம்எஸ்ஸைப் படித்து ஓடிபியைத் திருடுவதற்கென்றே செய்யப்பட்டவை.

உள்ளே போனதும் முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்ற பகுதி. மொபைல் எண்ணைக் கொடுத்து, கேப்ட்சா எழுத்துகளை அடித்து, வரும் ஓடிபியைப் போட்டால் பட்டியல் வந்துவிடும். எண்கள் முழுதாகத் தெரியாது, நடுவில் மறைத்திருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பதில்கள் உண்டு: என் எண் இல்லை, தேவையில்லை, தேவை. ஒருவர் பெயரில் 9 சிம் வரை வைத்திருக்கலாம். ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்கு மாநிலங்களில் 6. உங்கள் ஆதார் நகலைக் கொடுத்து வேறு யாரோ வாங்கிய சிம் மோசடிக்குப் பயன்பட்டால், விசாரணை முதலில் உங்கள் வாசலுக்குத்தான் வரும். ஆகவே இந்தப் பட்டியலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது.

இங்கே அவசரப்பட்டால் ஒரு வம்பு வரும். பழக்கமில்லாத எண்ணைப் பார்த்த பதற்றத்தில் ‘என் எண் இல்லை’ என்று அழுத்திவிடுவார்கள். பிறகு பார்த்தால் அது வயல் மோட்டாரின் மொபைல் ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் சிம்மாக இருக்கும். அல்லது பேரனுக்கு வாங்கிக் கொடுத்தது, வீட்டு வைஃபை டாங்கிளில் கிடப்பது, காரின் ஜிபிஎஸ் கருவியில் இருப்பது. சரிபார்ப்புக்குப் பிறகு இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள், மோட்டார் ஓடாது. எனவே முதலில் பட்டியலைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, வீட்டில் எல்லோரிடமும் கேட்டு, நிச்சயமாக யாருடையதும் இல்லை என்று தெரிந்தபின் அழுத்துங்கள். நம்முடையதுதான், ஆனால் இனி வேண்டாம் என்றால் ‘தேவையில்லை’. இரண்டும் வேறு வேறு.

இதே பட்டியல் இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். அம்மா கையில் இருக்கும் எண் மகன் பெயரில் இருந்தால், அம்மா போனில் பார்த்தாலும் மகன் பெயரில் உள்ள எண்கள்தான் வரும். காலமான கணவர் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும் எண்கள் நம் வீடுகளில் ஏராளம். வங்கிக் கணக்கு, ஆதார், ஓய்வூதியம் எல்லாம் அந்த எண்ணோடு இணைந்திருக்கும்போது சிம் தொலைந்தால், மாற்று சிம் கேட்டு வாங்க அந்த அம்மாவுக்கு உரிமை இருக்காது. இறப்புச் சான்றிதழையும் தன் ஆதாரையும் எடுத்துக்கொண்டு கம்பெனி ஷோரூமுக்குப் போய் இப்போதே பெயர் மாற்றி வைத்துவிட வேண்டும்.

அடுத்து, தொலைந்த போனை முடக்கும் பகுதி. இந்தச் சேவையிலேயே சிறந்தது இதுதான். சிம்மை முடக்கினால் எண் மட்டும்தான் நிற்கும். திருடியவன் வேறு சிம் போட்டு அதே போனை ஓட்டுவான். ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை முடக்கினால் இந்தியாவில் எந்த நிறுவனத்தின் சிம்மைப் போட்டாலும் அந்தப் போனில் இணைப்பு கிடைக்காது. போலீஸ் தேடுவதை இது கெடுக்காது. முடக்கிய போனில் யாராவது சிம் போட்டுப் பார்த்தால் அந்தத் தகவல் பதிவாகும்.

ஆனால் போன் போன பிறகு ஐஎம்இஐ எண்ணுக்கு எங்கே போவது? இன்றைக்கே எழுதி வையுங்கள். டயல் பண்ணும் இடத்தில் *#06# அடித்தால் 15 இலக்க எண் திரையில் வரும், கால் பட்டனை அழுத்தத் தேவையில்லை. இரண்டு சிம் போடும் போனில் இரண்டு எண்கள் வரும், இரண்டையும் எழுதுங்கள். போன் வந்த பெட்டியிலும், பெரும்பாலும் கடை பில்லிலும் இதே எண் இருக்கும். பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போடும் முன் அந்த ஸ்டிக்கரையாவது கிழித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தொலைந்த அன்று வேலைகளின் வரிசை முக்கியம். முதலில் வேறொரு போனிலிருந்து சிம் கம்பெனிக்குப் பேசி சிம்மை நிறுத்துங்கள். உடனே வங்கிக்குப் பேசி யுபிஐயையும் மொபைல் பேங்கிங்கையும் நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள், அதன் எண்ணும் நகலும் விண்ணப்பத்தில் கேட்கப்படும். பிறகு அதே எண்ணுக்கு மாற்று சிம். சஞ்சார் சாத்தி விண்ணப்பத்தில் இரண்டு ஐஎம்இஐ எண்கள், போனின் கம்பெனியும் மாடலும், தொலைந்த இடமும் தேதியும், காவல் நிலையத்தின் பெயர், சிஎஸ்ஆர் நகல், அடையாள அட்டை ஆகியவற்றைக் கேட்கும். பில் இருந்தால் அதையும் சேர்க்கலாம்.

பலர் திணறும் இடம் இதற்குப் பிறகு வருகிறது. மாற்று சிம் வேலை செய்ய ஆரம்பித்த முதல் 24 மணி நேரத்துக்கு அதில் எஸ்எம்எஸ் வராது. விண்ணப்பத்தை முடிக்கத் தேவையான ஓடிபியும் வராது. சைட் கெட்டுப்போய்விட்டது, சிம்மில் கோளாறு என்று அலையாதீர்கள். நம் எண்ணுக்கு வேறு யாரோ மாற்று சிம் வாங்கி ஓடிபியைப் பிடித்துக் கணக்கைத் துடைத்துவிடாமல் இருக்க வைத்த பாதுகாப்பு அது. மறுநாள் உட்காருங்கள். விண்ணப்பம் போனதும் கிடைக்கும் கோரிக்கை எண்ணைப் பத்திரமாக எழுதி வையுங்கள். போன் திரும்பக் கிடைத்தால் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டு, இந்த எண்ணைப் போட்டுத்தான் முடக்கத்தை நீக்க முடியும். நீக்கும்வரை அதில் எந்த சிம்மும் வேலை செய்யாது.

பழைய போன் வாங்குகிறவர்களுக்கு ஒரு சின்ன வசதி: ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்ற மூன்று எழுத்துகள், ஓர் இடைவெளி, பிறகு ஐஎம்இஐ எண். இதை 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அந்த எண் எந்த மாடலுக்குரியது, முடக்கப்பட்டதா என்று பதில் வரும். காசு கொடுப்பதற்கு முன் கடையிலேயே நின்று அனுப்பிப் பாருங்கள்.

‘சக்ஷு’ என்ற பகுதி 2024 மார்ச்சில் சேர்ந்தது. மோசடி என்று சந்தேகப்படும் அழைப்பு, எஸ்எம்எஸ், வாட்ஸ்அப் செய்தியைப் புகார் செய்யும் இடம். கேஒய்சி காலாவதியாகிவிட்டது, மின்சாரம் இன்றிரவு துண்டிக்கப்படும், சிபிஐயிலிருந்து பேசுகிறோம், போலி கஸ்டமர் கேர் என்று வகைகள் கொடுத்திருக்கிறார்கள். கடந்த 30 நாட்களுக்குள் வந்ததாக இருக்க வேண்டும், தேதியும் நேரமும் வேண்டும், ஸ்கிரீன்ஷாட் சேர்க்கலாம். வெளிநாட்டிலிருந்து பேசிவிட்டு நம் ஊர் எண் போலக் காட்டும் அழைப்புகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. புகாரால் உங்களுக்கு நேரடியாக ஒன்றும் கிடைக்காது. அந்த எண் துண்டிக்கப்பட்டால் அடுத்தவர் தப்பிப்பார், அவ்வளவுதான். அதற்காகவே செய்யலாம்.

ஆனால் பணம் போயிருந்தால் சக்ஷுவில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்காதீர்கள். அங்கே வீணாகும் ஒவ்வொரு நிமிடமும் பணம் இன்னொரு கணக்குக்குத் தாவும். இது வேறு துறையின் வேலை. உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிட வேண்டும். இந்த வேறுபாட்டை ஆப்பின் முகப்பிலேயே பெரிய சிவப்பு எழுத்தில் போட்டிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பதறிப்போன எழுபது வயதுக்காரர் இரண்டு அமைச்சகங்களின் எல்லையைத் தேடிக் கண்டுபிடிக்க மாட்டார்.

1930இல் பேசும்போது கையில் இருக்க வேண்டியவை: உங்கள் வங்கியும் கணக்கு எண்ணும், போன தொகை, தேதி, நேரம், யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண். அவர்கள் அனுப்பும் ஒப்புகை எண்ணை வைத்து, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் 24 மணி நேரத்துக்குள் முழு விவரத்தையும் பதிய வேண்டும். 1930இல் சொல்லிவிட்டோம் என்று வங்கியை விட்டுவிடாதீர்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, ஓடிபியை நாமே சொல்லிவிட்டிருந்தால் வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போனது நம் நஷ்டம், தெரிவித்த பிறகு போவது வங்கியின் நஷ்டம். தவறு நம்முடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை என்றால் மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னவருக்கு நஷ்டமே இல்லை. வங்கியில் புகார் செய்த நேரத்தையும் புகார் எண்ணையும் குறித்து வைப்பது இதற்காகத்தான்.

தொலைத்தொடர்புத் துறையின் பெயரையும், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் பெயரையும் சொல்லியே மோசடி நடக்கிறது. ‘இன்னும் இரண்டு மணி நேரத்தில் உங்கள் எண் துண்டிக்கப்படும், 9 அழுத்தவும்’ என்ற பதிவுக் குரல் கேட்டால் வைத்துவிடுங்கள். துறை இப்படிக் கூப்பிடுவதில்லை. 9 அழுத்தினால் அடுத்து வருவது ‘மும்பை போலீஸ்’, அதற்கடுத்து வீடியோவில் ‘டிஜிட்டல் கைது’. அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையாது. ஓடிபி பற்றியும் வீட்டில் தெளிவாகச் சொல்லிக்கொடுங்கள்: நீங்களே திறந்த அரசுத் தளத்தில் நீங்களே அடிப்பது சரி. போனில் யார் கேட்டாலும் சொல்லக் கூடாது.

குறைகளும் இருக்கின்றன. தமிழில் பார்க்கும் வசதி உண்டு, ஆனால் சஞ்சார் சாத்தி, சக்ஷு என்று பெயர்கள் இந்தியும் சமஸ்கிருதமுமாக இருப்பதால் எது எதற்கு என்று ஒருமுறை யாராவது உட்கார வைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. கண்புரை உள்ளவர்களுக்கு அந்தக் கேப்ட்சா எழுத்துகள் பெரும்பாடு. திரையைப் பெரிதாக்கி, பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று பார்த்து அடிக்க வேண்டும்.

போன் திருடுபோவதற்கும் சிம் நிறுத்தப்படுவதற்கும் இடைப்பட்ட நேரத்தை இந்தச் சேவையால் காக்க முடியாது. போனில் பூட்டு இருந்தாலும், சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி அங்கே வரும். அதைத் தடுக்கச் சிம்முக்கே ஒரு ரகசிய எண், அதாவது ‘சிம் பின்’, போட வேண்டும். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் பாதுகாப்புப் பகுதியில் சிம் லாக் என்று இருக்கும், செட்டிங்ஸின் மேலே உள்ள தேடும் பெட்டியில் ‘சிம் லாக்’ என்று அடித்தும் கண்டுபிடிக்கலாம். கம்பெனி வைத்திருக்கும் பழைய பின்னைக் கஸ்டமர் கேரில் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் தொடங்க வேண்டும், குத்துமதிப்பாக அடிக்கக் கூடாது. மூன்று முறை தவறினால், பூட்டிய சிம்மைத் திறக்கும் பியூகே எண் கேட்கும், அதைக் கம்பெனியிடம்தான் வாங்க வேண்டும். பியூகேயும் பத்து முறை தவறினால் சிம் செத்துவிடும். போனை அணைத்துப் போடும் ஒவ்வொரு முறையும் இந்தப் பின் கேட்கும் என்பதால், ஐஎம்இஐ எழுதிய அதே காகிதத்தில் இதையும் எழுதி, பர்ஸில் வைக்காமல் வீட்டு பீரோவில் வையுங்கள்.