91 நொடியா, 6 ரவுண்டா?

அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் ஒரே அரங்கில், 17 ஆண்டு இடைவெளியில் நடந்த இரண்டு குத்துச்சண்டைகள். இரண்டிலும் ஆளுக்கொரு ஜோடி ஏறினாலும், சண்டை போட்டது என்னவோ ஒரு பக்கம்தான்.

1988 ஜூன் 27, மைக் டைசனும் மைக்கேல் ஸ்பிங்க்ஸும். ஸ்பிங்க்ஸ் அதுவரை தோற்றதே இல்லை. முன்னாள் ஹெவிவெயிட் சாம்பியன் லாரி ஹோம்ஸையே வென்றவர். உடம்பில் விழுந்த குத்தில் முழங்காலை ஊன்றினார், எழுந்தார், அடுத்து மல்லாந்தார். 91 நொடி. சோளப்பொரி வாங்கப் போனவர்கள் பாவம்.

2005 ஜூன் 25, ஃபிளாய்ட் மேவெதரும் ஆர்ட்டுரோ காட்டியும். கூட்டம் முழுக்கக் காட்டி பக்கம். முதல் ரவுண்டிலேயே, நடுவரிடம் முறையிட முகத்தைத் திருப்பினார் காட்டி. அந்த நேரம் பார்த்து மேவெதரின் இடது ஹூக் (பக்கவாட்டில் வளைத்து விடும் குத்து) இறங்கியது. கயிறுதான் அவரைத் தாங்கியது. அதுவும் விழுந்த கணக்குதான் என்று நடுவர் எண்ணத் தொடங்கினார். (ஈவிரக்கமில்லாத அடிதான். ஆனால் தன்னைக் காத்துக்கொள்வது வீரரின் பொறுப்பு.) அப்புறம் அதே கதை: காட்டி குத்தினால் காற்று, மேவெதர் குத்தினால் முகம். ஆறாவது ரவுண்டு முடிந்ததும் முகம் வீங்கி உட்கார்ந்தவரைப் பார்த்து, பயிற்சியாளர் பட்டி மெக்கிர்ட் சண்டையை நிறுத்திவிட்டார்.

எது பெரிய வெளுப்பு? என் ஓட்டு இரண்டாவதுக்கு. டைசனிடம் ஸ்பிங்க்ஸ் வாங்கியது இரண்டு மூன்று நல்ல குத்துகள்தான். காட்டியோ முன்னேறிக்கொண்டே இருந்தார், வாங்கிக்கொண்டே இருந்தார்.