முதுகில் சுமக்கும் புளோயர்: தீக்காலத்துக்கு வாங்கலாமா?

கொடைக்கானல் வட்டாரத்தில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்கள் மாசி பிறந்ததும் இரண்டை எதிர்பார்த்திருப்பார்கள்: ஒன்று, காப்பி பூப்பதற்கான கோடை மழை, மற்றொன்று, தீ. மழை தவறிய ஆண்டில் சில்வர் ஓக் மரங்கள் இலையைக் கொட்டுவதும், சரிவுகளில் போதைப்புல் என்னும் காட்டுப் புல் ஆளுயரத்துக்குக் காய்ந்து நிற்பதும், ஓடை வற்றுவதும் ஒரே சமயத்தில் நேர்கின்றன. குடிக்கவே தண்ணீர் தட்டுப்படும் அந்த வாரங்களில் மோட்டார் பம்பும் மருந்தடிக்கும் தெளிப்பானும் கொட்டகையில் கிடக்க வேண்டியதுதான். பெட்ரோலில் ஓடும், காற்றை ஊதிச் சருகைத் தள்ளும் புளோயரை நான் வாங்கியதற்கு முதற்காரணம் அதற்குத் தண்ணீர் தேவையில்லை என்பதே.

என்னிடம் இருப்பது 17,500 ரூபாய்க்கு வாங்கிய, அதிகம் அறியப்படாத நிறுவனத்தின் இரண்டு ஸ்ட்ரோக் இயந்திரம். டேங்கை நிரப்பினால் எடை ஏறத்தாழ 11 கிலோ. இதைத் தீயணைப்புக் கருவி என்று எண்ணி வாங்குபவர்கள் ஏமாறுவார்கள். தீ வருவதற்கு முன்பே தீத்தடுப்புக் கோட்டை, அதாவது தீ தாண்டாதபடி சருகும் புல்லும் நீக்கிய வெறும் மண் பட்டையை, துப்புரவாக வைத்திருப்பதுதான் இதன் வேலை, அந்த வேலையில் இதற்கு இணையான வேறொன்றை நான் பார்த்ததில்லை. எல்லைக் கோட்டில் கணுக்கால் ஆழத்துக்குக் கிடக்கும் சருகை இரண்டு ஆட்கள் குச்சி விளக்குமாறு கொண்டு ஒரு நாள் முழுக்கக் கூட்டும் தொலைவை, இதைச் சுமந்த ஒருவர் காலைச் சிற்றுண்டிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடையில் முடித்துவிடுகிறார்.

வேலையிலும் சில நுணுக்கங்கள் உண்டு. விடிந்தவுடன் தொடங்கினால் பனியில் நனைந்த இலைகள் மண்ணோடு ஒட்டிக்கொண்டு அசையாது; வெயில் ஏறி அவை சலசலக்கத் தொடங்கியபின்தான் காற்றுக்கு அகப்படும். நண்பகலுக்குப் பிறகோ சரிவில் மேல்நோக்கி வீசும் காற்று, கீழே கிடக்கும் சருகைக் கோட்டில் கொண்டுவந்து சேர்க்கும். சருகைச் சரிவின் கீழ்ப்பக்கம் தள்ளுவது எளிது, ஆனால் தவறு. தீ பெரும்பாலும் கீழிருந்து மேலேறுவதால், கோட்டின் கீழ் விளிம்பில் நாமே விறகு அடுக்கி வைத்தது போலாகிவிடும். ஆகவே மேல்பக்கமாகத் தோட்டத்துக்குள் தள்ளி, செடிகளுக்கிடையே மெல்லியதாகப் பரவவிடுகிறோம்.

குறைகளில் முதலாவது, வேரோடு நிற்கும் புல்லை இது ஒன்றும் செய்யாது. போதைப்புல் உள்ள இடத்தில் முதலில் அரிவாளாலோ புல்வெட்டும் இயந்திரத்தாலோ அறுத்தாக வேண்டும். சில்வர் ஓக் உதிர்வது நிற்கும்வரை துப்புரவு செய்த கோடு சில நாள்களிலேயே மறுபடி மூடிக்கொள்வதால், பெட்ரோல் செலவும் தொடர்ந்துகொண்டே இருக்கும். முழு வேகத்தில் ஓட்டினால் மணிக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் குடிக்கிறது. இரைச்சலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காதடைப்பான் இல்லாமல் யாரையும் இதைச் சுமக்க விடுவதில்லை.

கடுமையாகச் சொல்ல வேண்டிய குறை ஒன்று உண்டு. காய்ந்த புல்லுக்குள் கொண்டுபோகும் இயந்திரத்தின் சைலன்ஸரில் தீப்பொறியைத் தடுக்கும் கம்பிவலை கட்டாயம் இருக்க வேண்டும், நான் வாங்கியதில் அது இல்லை. கடைக்காரரிடம் கேட்டபோது, சாலை கூட்டுபவர்கள் வாங்கும் மாடல் இது என்று சாதாரணமாகச் சொன்னார். வலையைத் தனியாகத் தேடிப் பொருத்திய பிறகே வேலைக்கு எடுத்தோம். நல்ல நிறுவனங்களின் இயந்திரங்கள் இதைப்போல் இருமடங்குக்கு மேல் விலை சொல்லப்பட்டாலும், வலையும் உதிரிப் பாகங்களும் கிடைக்கும் என்பதற்காகவே அவற்றைப் பரிந்துரைப்பேன். சூடு ஆறாத இயந்திரத்தில் பெட்ரோல் ஊற்றுவதும், சருகின் மேல் வைத்து ஊற்றுவதும் கூடவே கூடாது. வெறும் மண்தரையில் இறக்கிவைத்துக் காத்திருந்து நிரப்ப வேண்டும்.

எரியும் தீயில் இதைப் பயன்படுத்தலாமா என்று அக்கம்பக்கத்தார் கேட்கிறார்கள். தரையில் தவழும் முழங்காலுக்குக் கீழான சருகுத் தீயை, எரிந்து முடிந்த பக்கம் நோக்கி ஊதி, பச்சைக் கிளையால் அடிக்கும் இன்னொருவரோடு சேர்ந்து பழகியவர்கள் அணைக்க முடியும். புல் தீயில் அந்த எண்ணமே வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழக்கக் காரணமான தீ, காய்ந்த புற்சரிவில் ஏறிய தீதான். அத்தகைய இடத்தில் முதுகில் பெட்ரோல் டேங்கோடு நிற்பது தற்கொலைக்குச் சமம். புகை தெரிந்தவுடன் வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு, ஆட்களைச் சரிவின் மேல்பக்கத்திலிருந்து விலக்குவதே முதல் வேலை.

ஐந்து ஏக்கருக்கு உட்பட்ட தோட்டத்துக்குத் தனியாக ஒன்று வாங்குவது வீண் செலவு. ஒரே சரிவில் அடுத்தடுத்து இருக்கும் மூன்று நான்கு தோட்டக்காரர்கள் பணம் போட்டு நல்ல இயந்திரமாக ஒன்று வாங்கி, கோடு முழுவதையும் ஒரே மூச்சில் துப்புரவு செய்வதுதான் சரி, ஏனென்றால் பக்கத்துத் தோட்டத்தின் கோடு சருகால் மூடிக் கிடந்தால் நம்முடைய கோட்டால் பயனில்லை. சித்திரை மழை பிடித்ததும் டேங்கை முற்றிலும் காலி செய்து, கார்புரேட்டரில் எஞ்சியதும் தீரும்வரை ஓடவிட்டு எடுத்து வையுங்கள். மிச்சப் பெட்ரோலோடு மழைக்காலம் முழுவதும் கிடந்த இயந்திரம் அடுத்த மாசியில் எளிதில் கிளம்பாது.