டிவி சேனல் மேல புகார் குடுக்கற சர்வீஸ் - யூஸ் பண்ணி பாத்தவனோட ரிவ்யூ

ஓட்டலுக்கு ரிவ்யூ போடறோம், மிக்சிக்கு போடறோம், இதுக்கு யாரும் போட்டு நான் பாக்கல. டிவில ஒருத்தர் வாய்க்கு வந்தத பேசிட்டா அந்த சேனல் மேல முறையா எழுதிக் குடுக்க சட்டப்படியே ஒரு வழி இருக்குங்க, வக்கீல் வேணாம், எங்கயும் அலைய வேணாம், வீட்ல உக்காந்தே அனுப்பலாம். என் மார்க் 5க்கு 2.5. அந்த அரை மார்க் எதுக்குன்னு பின்னாடி வரேன்.

விஷயம் இதான். பொங்கலுக்கு ஒரு சேனல்ல சிறப்பு பட்டிமன்றம். சேனல் பேரும் வேணாம், நடுவர் பேரும் வேணாம், நல்லா தெரிஞ்ச முகம்தான், நம்ம பக்கம் கோயில் திருவிழாவுக்கெல்லாம் வந்து பேசிட்டு போறவர். உழவர் பெருமை அது இதுன்னு பேசிட்டே வந்தவரு திடீர்னு நடவு நடற பொம்பளைங்க பக்கம் வந்தாரு. நூறு நாள் வேலைல மரத்தடில உக்காந்தே பழகிட்டாங்க, வயல்ல குனிய சொன்னா இடுப்பு வலிக்குதுங்கறாங்கன்னு ஆரம்பிச்சு, குனியறத பத்தி கையால ஒன்னு காட்டி முடிச்சாரு பாருங்க, மீதிய நான் டைப் பண்ணல. அரங்கமே சிரிக்குது. மேடைல இருந்த பேச்சாளர்களும் சிரிக்கறாங்க. பொங்கல் அன்னிக்கு, சோறு போடற கைய பத்தி.

மறுநாளே கிளிப் வாட்சப்ல பறக்குது. மன்னார்குடி பந்தலடில ஒரு கூட்டம், கோஷம், நடுவர் போட்டோவுக்கு செருப்படி, யூடியூப் பசங்க மைக்க நீட்டிட்டு வந்துட்டாங்க. சரி, கோவம் நியாயம்தான். ஆனா அது போய் இறங்கின இடம் எங்க தெரு கேபிள்காரர் தலைல. அவரு ஆபீஸ் முன்னாடி நின்னுகிட்டு சேனல கட் பண்ணு இல்லன்னா ஒயர அறுப்போம்னு ஒரே சத்தம், அந்த மனுசன் ஷட்டர பாதி எறக்கி விட்டுட்டு "நான் என்னண்ணே பண்ணுவேன், நான் ஒயர் இழுக்கறவன், பட்டிமன்றமா நடத்தறேன்"ங்கறாரு. கேபிள் சட்டத்துல கலெக்டருக்கு அதிகாரம் இருக்கு, மாவட்டத்துல ஒரு நிகழ்ச்சிய ஓட்டக்கூடாதுன்னு கேபிள் ஆபரேட்டருக்கு உத்தரவு போடலாம், அதனால திங்கக்கிழமை மனு குடுக்கப் போறோம்னு கெளம்பினவங்களும் உண்டு. அதுலயும் பாருங்க, உத்தரவு வந்து விழறது மறுபடி ஒயர் இழுக்கறவர் மேலதான். அன்னிக்கு ராத்திரிக்குள்ள அந்த கிளிப்புக்கு முழு நிகழ்ச்சிய விட வியூஸ் ஜாஸ்தி, சேனலுக்கு விளம்பரம் இலவசம்.

இத்தனைக்கும் சம்பந்தப்பட்ட பொம்பளைங்கள ஒருத்தரும் கேக்கல. எங்க வயலுக்கு நடவுக்கு வர்ற அக்கா ஒருத்தங்ககிட்ட நான் போய் சொன்னப்பதான் அவங்களுக்கு விஷயமே தெரியும். கால் விரல் இடுக்குல சேத்துப்புண்ணுக்கு மருதாணிய அரச்சு அப்பிகிட்டு திண்ணைல உக்காந்திருந்தாங்க, விரல்ல நகம் எது மருதாணி எதுன்னு தெரியாத மாதிரி செவப்பு. கிளிப்ப காட்டினேன், கடைசி வரைக்கும் பாத்தாங்க. "கூலி குடுக்கறவன் பேசினா கூட தாங்கிக்கலாம் தம்பி, பேசறதுக்கே கூலி வாங்கறவன்லாம் பேசறான்"னாங்க. அப்புறம் உடனே, வர்ற குறுவைக்கு மேலத்தெருல நடவு மிஷின் எறக்கறாங்களாமே நெசமான்னு கேட்டாங்க. அவங்க கவலை அது. அந்த முதல் வார்த்தைய மட்டும் அவங்க சம்மதத்தோட புகார்ல அப்படியே எழுதினேன்.

இப்ப சர்வீசுக்கு வரேன். 2021 ஜூன்ல கேபிள் டிவி விதிகள்ல ஒரு திருத்தம் வந்துச்சு, அதுப்படி மூணு படி. முதல் படி சேனலேதான், அவங்க ஒரு குறைதீர் அதிகாரிய வெச்சிருக்கணும், புகார் வந்த 24 மணி நேரத்துல வந்துடுச்சுன்னு ஒப்புக்கணும், 15 நாள்ல முடிவு சொல்லணும். அதுல திருப்தி இல்லன்னா அடுத்த 15 நாளுக்குள்ள ரெண்டாவது படி, சேனல்கள் சேந்து வெச்சிருக்கற ஒழுங்குமுறை அமைப்பு, ரிட்டயர்டு ஜட்ஜ் மாதிரி ஆளுங்க தலைமைல, அவங்களுக்கு 60 நாள் டைம். அதுவும் சரி இல்லன்னா மூணாவது, மத்திய அரசு. மன்னிப்பு போட சொல்றதுல இருந்து நிகழ்ச்சிய நிறுத்தறது வரைக்கும் அங்க அதிகாரம் இருக்கு. பேப்பர்ல பாத்தா அருமையான ஏற்பாடு.

நடைமுறைல? சேனல் வெப்சைட்ல அந்த பக்கத்த கண்டுபிடிக்கறதே ஒரு வேலை, எல்லாத்துக்கும் அடில, எறும்பு சைஸ் எழுத்துல, அதுவும் பூரா இங்கிலீஷ்ல. தமிழ் சேனல், தமிழ்ல பேசி தமிழ்ல அசிங்கப்படுத்துவாங்க, புகார் மட்டும் இங்கிலீஷ்ல. நான் பிடிவாதமா தமிழ்லயே எழுதினேன், ஏத்துக்கிச்சு, அத சொல்லணும். 24 மணி நேரத்துல வர வேண்டிய ஒப்புகை மெதுவா வந்துச்சு, அதுவும் ஸ்பாம்ல கிடந்துச்சு. அப்புறம் வந்த பதில் இருக்கே, பட்டிமன்றத்துல சொல்றதெல்லாம் பேசறவங்க சொந்த கருத்து, யாரையும் புண்படுத்தற நோக்கம் இல்ல, நகைச்சுவையா எடுத்துக்கணும். நடுவர தேர்ந்தெடுத்தது நீங்க, எடிட் பண்ணது நீங்க, அந்த எடத்துல சிரிப்பு சத்தம் தூக்கலா இருக்கே அதுவும் அவர் சொந்த கருத்தாங்க?

ஆனா ஒன்னு. பந்தலடில அத்தன பேர் கத்தியும் சேனல்ல இருந்து ஒரு ஆள் வாய தெறக்கல, இந்த புகாருக்கு மட்டும் ஒரு மனுசன் பேரு போட்டு பதவி போட்டு பதில் எழுத வேண்டியதாச்சு. யூடியூப்ல இருந்த வீடியோல அந்த பகுதிய சத்தமில்லாம வெட்டியும் இருக்காங்க. என் புகாரால வெட்டினாங்களா கூச்சலுக்கு பயந்து வெட்டினாங்களான்னு கேட்டா எனக்கு தெரியாது. அந்த அரை மார்க் பேரு போட்ட பதிலுக்கு.

எங்க தெரு பசங்க என்ன கேட்டாங்கன்னா, நீ ஒருத்தன் போட்டு என்ன ஆகும், நாம ஆயிரம் பேர் சேந்து போட்டாதானே மிரளுவாங்கன்னு. எண்ணிக்கைக்கு மிரளுவாங்கதான், ஆனா தீர்ப்பு அதுல இல்ல. இங்கிலாந்து கதைய பாருங்க. 2021 மார்ச்ல பியர்ஸ் மார்கன்னு ஒரு டிவி தொகுப்பாளர், இளவரசர் ஹாரியோட மனைவி மேகன் மார்க்கல் பேட்டில சொன்னத நம்பவே மாட்டேன்னு டிவில பேசினதுக்கு ஆஃப்காம்னு அவங்க ஒழுங்குமுறை அமைப்புக்கு 50,000க்கு மேல புகார். ஆள் அந்த நிகழ்ச்சிய விட்டே போயிட்டாரு, ஆனா செப்டம்பர்ல ஆஃப்காம் விதி மீறல் இல்லன்னுடுச்சு. அதே மேகன பத்தி 2022 டிசம்பர்ல ஜெரமி கிளார்க்சன்னு இன்னொரு டிவி பிரபலம் 'தி சன்'ங்கற அவங்க ஊர் பேப்பர்ல எழுதின கட்டுரைக்கு 25,000 சொச்சம் புகார், பாதிதான், ஆனா 2023ல பத்திரிகை ஒழுங்குமுறை அமைப்பு அது பெண்ணுங்கறதுக்காக இழிவுபடுத்தினதுதான்னு முடிவு சொல்லிடுச்சு. தலைய எண்ணல, எந்த வரில எந்த விதி உடைஞ்சிருக்குன்னு பாத்திருக்காங்க. அதனால எழுதும்போது வயித்தெரிச்சல கொட்டாம, எந்த தேதி, எத்தன மணி, என்ன வார்த்தை, அது யார எப்படி இழிவுபடுத்துதுன்னு எழுதுங்க.

கேஸ் போட்டு உள்ள தள்ளணும்ங்கறவங்களுக்கும் ஒரு வார்த்தை. பெண் பத்திரிகையாளர்கள பத்தின ஒரு பதிவ 2018ல நடிகர் எஸ்.வி.சேகர் ஃபேஸ்புக்ல ஷேர் பண்ணாரே, எவ்ளோ கொந்தளிப்பு, சென்னைல அவர் வீட்டு முன்னாடியே போராட்டம். கோர்ட்ல ஒரு மாசம் ஜெயில், 15,000 ரூபா அபராதம்னு தீர்ப்பு வந்தது 2024 பிப்ரவரில. அதுக்குள்ள கொந்தளிச்சவங்க எத்தனையோ வேற விஷயத்துக்கு கொந்தளிச்சு முடிச்சாச்சு. கோர்ட்டோட ஒப்பிட்டா 15 நாள், 60 நாள் எல்லாம் எக்ஸ்பிரஸ் வேகம்.

இன்னொரு பெரிய ஓட்டை, இந்த மூணு படி டிவில ஓடறதுக்குதான். இப்ப வாய் ஜாஸ்தி நீளறது யூடியூப்ல. 2025 பிப்ரவரில ரன்வீர் அல்லாபாடியான்னு ஒரு யூடியூபர் ஒரு காமெடி ஷோல பெத்தவங்கள வெச்சு அசிங்கமா கேட்டு நாடே கொதிச்சு, மும்பை, கவுஹாத்தின்னு போலீஸ் வரைக்கும் போய் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் நின்னாரே, அது நடந்தது யூடியூப்ல. அதுக்கு ஐடி விதிகள்னு, அதாவது இன்டர்நெட்டுக்கான தகவல் தொழில்நுட்ப விதிகள்னு தனி ரூட்டு. ரெண்டையும் ஒரே எடத்துல வெச்சு, தமிழ்ல, போன்லயே அமுக்கற மாதிரி பண்ணா என்ன குறைஞ்சா போயிடுவாங்க? நடவுக்கு போற அக்காவால இந்த சர்வீஸ தானா யூஸ் பண்ணவே முடியாது, என்ன மாதிரி ஒருத்தன் நடுவுல வேணும். மீதி ரெண்டரை மார்க்க நான் வெட்டினது அதுக்குதான்.

ட்ரை பண்றவங்களுக்கு சில டிப்ஸ். உடனே எழுதுங்க, சேனல்கள் ரெக்கார்டிங்க 90 நாள் வெச்சிருக்கணும்னுதான் விதி, நியூஸ் சேனலா இருந்தா ஒளிபரப்பான 7 நாளுக்குள்ளயே சேனலுக்கு எழுதிடணும். வாட்சப் கிளிப்ப நம்பாதீங்க, அதுல முன்ன பின்ன வெட்டியிருப்பாங்க, முழு நிகழ்ச்சிய பாத்து நிமிஷத்தோட குறிச்சுக்கங்க. அனுப்பினதுக்கு ஸ்கிரீன்ஷாட் கட்டாயம், ரெண்டாவது படிக்கு போகும்போது அத கேக்கறாங்க. நான் அங்க போட்டாச்சு, 60 நாள் கணக்கு ஓடுது, பதில் வந்தா மார்க்க ஏத்தறதா எறக்கறதான்னு இதுலயே அப்டேட் பண்றேன். அதுவரைக்கும் கேபிள்காரர யாரும் திட்டாதீங்கப்பா, இந்த மாசம் எங்க தெருல பாதி பேர் அவருக்கு சந்தா பணமே குடுக்கல.