டேகர்ஹார்ட்: புதியவர் எந்தப் பாத்திர வகையை எடுப்பது?

மேசையைச் சுற்றி அமர்ந்து, பேசியும் பகடை உருட்டியும் ஆடும் மாயாஜாலக் கதை விளையாட்டுகளில், புதிதாக வருபவரை முதலில் மலைக்க வைப்பது பாத்திர வகையைத் தேர்ந்தெடுக்கும் வேலைதான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் 2024ஆம் ஆண்டு ஆட்டக்காரர் கையேட்டில் 12 வகைகளும் அவற்றின் கீழ் 48 உட்பிரிவுகளும் உள்ளன. அவற்றைப் படித்து முடிப்பதற்குள் பலருடைய ஆர்வம் வடிந்துவிடுகிறது. டேரிங்டன் பிரஸ் 2025 மே மாதம் வெளியிட்ட டேகர்ஹார்ட், இந்த ஒரு விஷயத்தில் நான் ஆடிய மற்ற விளையாட்டுகளைவிட மேலானது. பெங்களூரில் வார இறுதிகளில், சில நாள் அல்சூரில் ஒரு நண்பரின் வீட்டிலும் சில நாள் போர்டு கேம் கஃபேக்களிலும் கூடும் எங்கள் தமிழ்க் குழுவில், இதுவரை பகடையையே தொடாதவர்களைக்கூட வைத்து ஆடிப் பார்த்த பிறகு எழுதும் மதிப்புரை இது.

பெட்டியில் கனமான ஒரு விதிப் புத்தகமும் 270 அட்டைகளும் இருக்கின்றன. பாத்திர வகைகள் ஒன்பது: பார்ட் (பாடகர்), ட்ரூயிட் (இயற்கையின் மந்திரவாதி), கார்டியன் (காவலர்), ரேஞ்சர் (வேட்டையாளர்), ரோக் (மறைந்து தாக்குபவர்), செராஃப் (தெய்வ அருள் பெற்ற வீரர்), சார்சரர் (பிறவி மந்திரவாதி), வாரியர் (போர்வீரர்), விசார்ட் (கற்றுத் தேர்ந்த மந்திரவாதி). ஒவ்வொன்றுக்கும் இரண்டே உட்பிரிவுகள். திறமைகளும் மந்திரங்களும் ஒன்பது துறைகளாகப் பிரிக்கப்பட்டு, துறைக்கு 21 அட்டைகள் வீதம் அச்சிடப்பட்டுள்ளன. ஒவ்வொரு பாத்திர வகைக்கும் இரண்டு துறைகள் சொந்தம். பாத்திரம் ஆட்டத்தைத் தொடங்கும் முதல் நிலையில் ஒரு துறைக்கு மூன்று அட்டைகளே இருப்பதால், புதியவர் தன் முன்னே ஆறு அட்டைகளைப் பரப்பி, படித்துப் பார்த்து, இரண்டைக் கையில் எடுத்துக்கொண்டால் பெரும்பாலான வேலை முடிந்துவிடுகிறது. ஆறு குணங்களுக்கும் எண்களை எப்படிப் பங்கிடலாம், எந்த ஆயுதத்தோடு தொடங்கலாம் என்பதற்கான பரிந்துரையும் அந்தந்த வகைக்குரிய வழிகாட்டித் தாளிலேயே இருக்கிறது. முந்நூறு பக்கத்துக்கு மேற்பட்ட புத்தகத்தைப் புரட்டாமலே ஒருவர் தன் பாத்திரத்தோடு ஆட்டத்துக்குத் தயாராக முடிகிறது என்பதை, அலுவலகம் முடிந்து வெளிவட்டச் சாலையின் நெரிசலைக் கடந்து களைப்போடு வந்து சேரும் நண்பர்களை வைத்துக்கொண்டிருக்கும் நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனால் எந்த வகையை எடுப்பது என்று முடிவு செய்யும் முன், இந்த விளையாட்டின் ஓர் அடிப்படை விதியைப் புதியவருக்குச் சொல்லிவிட வேண்டும். இங்கே சண்டையிலும் முறை வைத்து ஆடும் வழக்கம் இல்லை. பகடை உருட்டி வரிசை தீர்மானித்து, அவரவர் முறைக்குக் காத்திருப்பதற்குப் பதிலாக, கதைக்கு ஏற்றபடி யார் வேண்டுமானாலும் அடுத்துச் செயல்படலாம். பேச்சு வளம் உள்ளவர்களுக்கு இது கொண்டாட்டம். கூச்ச சுபாவம் உள்ளவர்களோ அரை மணி நேரம் வாயே திறக்காமல் இருந்துவிடக்கூடும். ஆகவே எந்த வகை பலமானது என்பதைவிட, எந்த வகை ஒருவரை ஆட்டத்துக்குள் இழுத்து வரும் என்பதே இந்த விளையாட்டில் முக்கியமான கேள்வி. இதைப் புத்தகம் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் முதல் குறை.

கூச்சப்படுபவருக்கு நான் முதலில் நீட்டுவது கார்டியன். பல விளையாட்டுகளில் கேடயம் தாங்கும் பாத்திரம் அடியை வாங்கிக்கொண்டு நிற்பதோடு சரி. இங்கே வேலர் (துணிவு) துறையின் முதல் நிலை அட்டைகளில் ஒன்று, மிக அருகில் இருக்கும் தோழருக்கு விழவேண்டிய அடியை, அதற்கு விலையாகத் தன் தாளில் ஒரு மன அழுத்தக் கட்டத்தைக் குறித்துக்கொண்டு, குறுக்கே பாய்ந்து தான் வாங்கிக்கொள்ள அனுமதிக்கிறது. எங்கள் குழுவில் ஒரு தோழி முதல் ஆட்டத்தில் பெரும்பாலும் மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பாலத்தின் மேல் நடந்த சண்டையில் பூதம் ஒன்று மெலிந்த விசார்டை நோக்கிக் கதாயுதத்தை ஓங்கியபோது, அந்த அட்டையை மேசை நடுவே வைத்து, "அவன் மேல கை வைக்கறதுக்கு முன்னாடி என்னைத் தாண்டிப் போகட்டும்" என்றார். அதன்பிறகு அவரை யாரும் பேசச் சொல்லி ஊக்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. அடுத்தவருக்கு ஆபத்து வரும்போதெல்லாம் இந்த வகைக்கு ஒரு வேலை வருகிறது. தானாக முன்வரத் தயங்குபவருக்கு இதைவிடப் பொருத்தமான நுழைவாயில் கிடையாது. எண்களும் துணை நிற்கின்றன. கார்டியனின் தொடக்க உயிர்ப்புள்ளிகள் 7. விசார்டுக்கும் பார்டுக்கும் 5 மட்டுமே. அடியிலிருந்து விலகும் எண், அதாவது அடி விழ எதிரியின் உருட்டல் எட்ட வேண்டிய எண், 9 என்று குறைவாக இருப்பதால் அடிகள் அடிக்கடி விழும் என்பது உண்மைதான். ஆனால் அடி வாங்குவதுதான் அந்தப் பாத்திரத்தின் கதை.

பேசத் தயங்காதவருக்கு பார்ட். நம் பாணர் மரபை அறிந்த தமிழருக்கு இந்தப் பாத்திரத்தை விளக்கவே தேவையில்லை. ஓர் அமர்வுக்கு ஒரு முறை, தன் குழுவை எப்படி உற்சாகப்படுத்துகிறார் என்று வர்ணித்தால், தனக்கும் தோழர் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆறுமுகப் பகடையை அவரால் வழங்க முடியும். எங்கள் பார்ட் அந்த இடத்தில் தெம்மாங்கு மெட்டில் நாலு வரி கட்டிப் பாடினார். விதிப்படி ஒரு வாக்கியம் சொன்னாலே போதும், ஆனால் விதி இப்படி இடம் கொடுக்கும்போது யாருக்குத்தான் ஒரு வாக்கியத்தோடு நிறுத்த மனம் வரும்?

ரோக் எளிமையாகத் தோன்றினாலும் கவனம் கேட்கும் வகை. அடியிலிருந்து விலகும் எண் 12 என்பதால் தப்பிப்பது எளிது. மறைந்திருந்தோ, இலக்கின் அருகில் தோழர் ஒருவர் நிற்கும்போதோ தாக்கினால் கூடுதல் பகடைகள் சேரும். ஆகவே மற்றவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதை எப்போதும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஏற்கெனவே சதுரங்கமோ கணினி விளையாட்டோ ஆடிப் பழகியவர் இதில் விரைவில் தேறிவிடுவார். வாரியர் இவை எல்லாவற்றையும்விட நேரடியானது. எதையும் நினைவில் வைத்துக்கொள்ள விரும்பாதவர் தயங்காமல் எடுக்கலாம்.

ட்ரூயிடை முதல் ஆட்டத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். விலங்காக உருமாறும் யோசனை எல்லோரையும் கவர்கிறது. ஆனால் ஒவ்வொரு உருவத்துக்கும் தனித்தனி எண்களும் சலுகைகளும் உண்டு, அந்தப் பட்டியல் பக்கங்களை ஆட்டத்தின் நடுவே தேட வேண்டியிருக்கிறது. அட்டைகளை நம்பியே வடிவமைக்கப்பட்ட ஒரு பெட்டியில், உருவங்களுக்கும் தனி அட்டை போடாதது பெரிய குறை. வளர்ப்பு விலங்கோடு வரும் ரேஞ்சருக்கும் இதே சிக்கல். அந்த விலங்குக்குத் தனித் தாள் ஒன்றை நிரப்பியாக வேண்டும். சார்சரரும் விசார்டும் மந்திரப் பிரியர்களுக்கு நிறைவு தருபவை, அவ்வளவே.

வகை ஒன்றே பாத்திரத்தைத் தீர்மானித்துவிடுவதில்லை என்பதும் இந்த விளையாட்டின் சிறப்பு. ஒவ்வொருவரும் தம் அனுபவங்கள் இரண்டைச் சொந்த வார்த்தைகளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் +2 வைத்துக்கொள்கிறார்கள். ஆட்டத்தில் சேரும் நம்பிக்கைப் புள்ளிகளில் ஒன்றைச் செலவழித்தால், அந்த +2-ஐப் பகடை உருட்டலோடு கூட்டலாம். "சந்தையில் பேரம் பேசி வளர்ந்தவள்" என்று எங்கள் கார்டியன் தமிழிலேயே எழுதினார், வழக்கமாக ரோக் செய்யும் பேச்சுவார்த்தையில் பாதியை அவரே நடத்தி முடித்தார். ஐந்தாம் நிலை முதல் வேறொரு வகையின் துறையையும் சேர்த்துக்கொள்ள வழி இருப்பதால், முதல் தேர்வு வாழ்நாள் பந்தமும் அல்ல.

குழுவாகத் தேர்ந்தெடுப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஒன்பது வகைகளும் ஒரு வட்டமாக அமைந்திருக்கின்றன. பக்கத்தில் இருப்பவை ஒரு துறையைப் பகிர்ந்துகொள்ளும். கார்டியனும் வாரியரும் பிளேட் துறையையும், பார்டும் ரோக்கும் கிரேஸ் துறையையும் பங்கிடுகின்றன. பெட்டியில் ஒவ்வொரு அட்டையும் ஒரே பிரதிதான் என்பதால், அடுத்தடுத்த வகைகளை இருவர் எடுத்தால் ஒரே அட்டைக்குக் கை நீட்ட நேரும். நால்வர் குழு செராஃப், வாரியர், ட்ரூயிட், ரோக் என்று எடுத்தால் எந்தத் துறையும் மோதாது. மந்திர நூல்களுக்குரிய கோடெக்ஸ் தவிர மற்ற எட்டுத் துறைகளும் மேசையில் இருக்கும். கார்டியன், ரேஞ்சர், சார்சரர், பார்ட் என்ற நால்வரும் மோதமாட்டார்கள். ஆனால் விடுபடுவது காயம் ஆற்றும் ஸ்ப்ளெண்டர் துறை. ஆகவே அந்தக் குழுவுக்குக் கதை சொல்லி ஆட்டத்தை நடத்துபவர், மருந்துப் புட்டிகளைக் கொஞ்சம் தாராளமாகக் கதையில் வைக்க வேண்டியிருக்கும்.

பெட்டியின் விலை 59.99 டாலர். இறக்குமதிச் செலவு அதற்கு மேல் சேரும் என்பதால், நால்வரோ ஐவரோ பங்கு போட்டு ஒரு பெட்டி வாங்குவதே நியாயம். அதற்கும் முன், பதிப்பாளர்களின் இணையதளத்தில் அடிப்படை விதிகளும் பாத்திரத் தாள்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, கார்டியன் ஒருவரையும் பார்ட் ஒருவரையும் வைத்து ஒரு மாலை ஆடிப் பாருங்கள்; வாங்கலாமா வேண்டாமா என்பது அன்றே தெரிந்துவிடும்.