பாளையங்கோட்டைப் பட்டாளத்துப் போட்டோ என்று விற்க வந்தால் உஷார்

முதல் உலகப் போருக்குப் போன நம் ஊர்ச் சிப்பாய்களின் படங்களைத் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிடுங்கள். முக்கியமாக, "எங்க பூட்டன் பட்டாளத்தில் இருந்தார், படம் ஏதாவது கிடைக்குமா" என்று ஃபேஸ்புக் குழுக்களில் ஊர் பேரோடு கேட்கிறவர்கள். அந்தப் பதிவுகளைப் படித்துவிட்டுத்தான் விற்கிற ஆள் வருகிறார்.

நான் கேட்டிருந்தது 63ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி என்ற காலாட்படைப் பிரிவு பற்றி. 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவில், இன்றைய தான்சானியாவில் இருக்கும் தாங்கா துறைமுகத்தைப் பிடிக்கப் போய், ஜெர்மன் தரப்பிடம் தோற்றுத் திரும்பிய படைகளில் அதுவும் ஒன்று. கொஞ்ச நாளில் வாட்ஸ்அப்பில் ஒருவர் வந்தார். திருநெல்வேலிப் பக்கம் ஒரு சுபேதார் வீடு, பேரப்பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டை இடிக்கிறார்கள், சுவரில் மாட்டியிருந்த படம் அப்படியே தன் கைக்கு வந்தது என்றார். சொன்ன விலை 18,000 ரூபாய். 14,500க்குப் படிந்தது.

அனுப்பிய படங்களில் எல்லாம் கண்ணாடி மேல் ட்யூப்லைட் வெளிச்சம். நிற்கும் மனிதர், தலைப்பாகை, மார்பில் பதக்கங்கள் என்பது தெரிந்தது. என்ன பதக்கம் என்பது தெரியவில்லை. ஃப்ரேமைக் கழற்றிப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். "ஐயோ சார், நூறு வருஷத்து அட்டை, கழற்றினா பொடிஞ்சிடும். நீங்களும் பிரிக்காதீங்க" என்றார். கூடவே ஹாலோகிராம் ஸ்டிக்கர் ஒட்டிய 'அசல் சான்றிதழ்' ஒன்றும் வரும் என்றார். வந்தது. யார் கையெழுத்து, எந்த ஊர் நிபுணர் என்று அதில் ஒன்றும் இல்லை.

பார்சல் வந்ததும் நான் செய்த முதல் வேலை ஃப்ரேமைப் பிரித்ததுதான். துருப்பிடித்த ஆணி, பூச்சி அரித்த பின்பலகை எல்லாம் நிஜமாகவே பழசு. உள்ளே இருந்த அட்டையும் பழசு. கேபினட் கார்டு என்பார்களே, அந்தக் காலத்து ஸ்டுடியோக்கள் படத்தை ஒட்டிக் கொடுத்த கெட்டி அட்டை, நாலேகால் அங்குலத்துக்கு ஆறரை அங்குலம், அந்த அளவு. கீழே மவுண்ட் ரோடு ஸ்டுடியோ ஒன்றின் பெயர் பொன்னெழுத்தில். அதைப் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வரும். அந்த நம்பிக்கையை வைத்துத்தான் வியாபாரமே.

படத்தைச் சுற்றி அட்டையில் ஒரு மெல்லிய வெளிர் கோடு ஓடியது. முன்பு இதே அட்டையில் இதைவிடக் கொஞ்சம் பெரிய படம் ஒன்று ஒட்டியிருந்திருக்கிறது. அது மூடியிருந்த இடம் மட்டும் வெளிச்சம் படாமல் வெளுப்பாகவே நின்றுவிட்டது. ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தேன். அந்தப் பழைய படத்தைக் கிழித்த மிச்சம், ஊதா கலந்த பழுப்பில், பசையோடு அங்கேயே இருக்கிறது. யாரோ ஒரு குடும்பத்தின் உண்மையான படத்தை உரித்து எறிந்துவிட்டு இதை ஒட்டியிருக்கிறார்கள். எனக்குப் பணம் போனதைவிட இதுதான் ஆத்திரம்.

நகைக்கடைக்காரர் வைரம் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸில் முகத்தைப் பார்த்தேன். பழுப்பு நிறம் முழுக்க நீலமும் சிவப்பும் மஞ்சளுமாகப் பொடிப்பொடிப் புள்ளிகள். இங்க்ஜெட் பிரிண்டர் வேலை. வெள்ளி உப்பு பூசிய காகிதத்தில் போட்ட பழைய படத்தில் புள்ளியே இருக்காது. நிறம் இழைந்து போகும். அப்புறம் கள்ளநோட்டு பார்க்கும் யூவி டார்ச்சை இருட்டில் அடித்தேன். அட்டை மங்கலாகவே இருந்தது, படம் மட்டும் நீலவெள்ளையாகப் பளிச்சென்று ஒளிர்ந்தது. காகிதத்துக்கு வெண்மை கூட்டும் அந்த ரசாயனம் 1950 வாக்கில்தான் போட்டோ பேப்பருக்கு வந்தது. ஒளிர்ந்தால் 1914 இல்லை. ஆனால் ஒளிராவிட்டால் அசல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்த ரசாயனம் சேராத காகிதம் இன்றும் கிடைக்கிறது. புள்ளி விஷயமும் அப்படித்தான். கலர் லேபில் போட்டு எடுத்தால் லென்ஸில் புள்ளி தெரியாது.

அதனால் படத்துக்குள் இருப்பதையும் பார்க்க வேண்டும். அட்டையின் பின்பக்கம் 'தாங்கா, 1914' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. அவர் மார்பிலோ மூன்று பதக்கங்கள்: 1914-15 ஸ்டார், பிரிட்டிஷ் போர்ப் பதக்கம், வெற்றிப் பதக்கம். ஸ்டாருக்கு ஒப்புதல் கிடைத்ததே 1918 டிசம்பரில். மற்ற இரண்டும் 1919இல் உருவானவை. போர் முடிந்த பிறகு வந்த பதக்கங்களைப் போர் தொடங்கிய வருடத்தில் எப்படிக் குத்திக்கொள்வது? போதாததற்கு மூன்றும் வலது மார்பில் இருக்கின்றன. தான் வாங்கிய பதக்கத்தை இடது மார்பில்தான் அணிவார்கள். சட்டையும் பெண்கள் சட்டை போல வலப்பக்கம் மேலே வந்து மூடுகிறது. ஆகப் படத்தையே இடவலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். இணையத்தில் அசலைத் தேடிக் கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காக இருக்கும். (மெல்லிய இரும்புத் தகட்டில் எடுத்த டின்டைப் படங்கள் இயல்பாகவே இடவலம் மாறித்தான் வரும். நெகட்டிவிலிருந்து காகிதத்தில் போட்ட படத்துக்கு அந்தச் சமாதானம் செல்லாது.)

நேராகத் திருப்பி கூகுள் லென்ஸில் போட்டதும் அகப்பட்டது. வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றின் இணையத் தொகுப்பில் இலவசமாகவே கிடக்கிறது. 1920களில் எடுத்தது, வேறு ரெஜிமென்ட், வடக்கத்திக்காரர்.

விற்றவரிடம் கேட்டேன். முதலில் "சான்றிதழ் இருக்கே சார்". லென்ஸ் படங்களை அனுப்பியதும் "ரெஸ்டோர் பண்ணின பீஸ்னு சொன்னேனே". சொல்லவே இல்லை, சாட் முழுக்க என்னிடம் இருக்கிறது. பணத்தைத் திருப்பிக் கேட்டதும் "ஃப்ரேமைப் பிரிச்சிட்டீங்க, ரிட்டர்ன் கிடையாது". பிரிக்காதே என்று அத்தனை தடவை சொன்னது இதற்குத்தான் போலிருக்கிறது. அதோடு பிளாக்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அந்த எண் 1915, என்ன பொருத்தமோ. ஆன்லைனில் பணம் போட்டு ஏமாந்தவர்கள் தாமதிக்காமல் சைபர் குற்றத்துக்கான 1930ஐயும் கூப்பிடுங்கள். சாட், ரசீது, பார்சல் கவர் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

வாங்கியே ஆக வேண்டும் என்கிறவர்கள் பணம் அனுப்பும் முன் கண்ணாடி இல்லாமல் முன்பக்கமும் பின்பக்கமும் கேளுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் படத்தைச் சாய்த்துப் பிடித்து ஒரு வீடியோவும் கேளுங்கள். பழைய வெள்ளிப் படம் என்றால் பல சமயம் ஓரத்துக் கறுப்புகளில் நீலம் பாய்ந்த உலோக மினுக்கு தெரியும். பழசு போலக் காட்ட டீத்தண்ணியில் முக்கியெடுத்த படமோ ஒரே சீராகப் பழுப்பேறியிருக்கும். நேர்மையான வியாபாரி இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார். மூர் மார்க்கெட் பக்கம் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் லென்ஸைத் தானே எடுத்துக் கையில் கொடுப்பார்.

இதைக் குழுவில் சொன்ன அன்றே மதுரை நண்பர் ஒருவர் தன்னிடம் இருந்த படத்தை அனுப்பினார். அதே முகம், அதே மீசை, வேறு அட்டை. அவருக்கு விற்றபோது 'மெட்ராஸ் சாப்பர்ஸ், பஸ்ரா, 1916'. அவருடைய பூட்டனார் சாப்பர்ஸ் என்ற பட்டாளத்துப் பொறியாளர் பிரிவில் இருந்தவர் என்று அவரும் குழுவில் எழுதியிருந்தாராம். நாற்காலியின் முதுகில் ஒரு கையை வைத்து நிற்பவர், பின்னால் தூணும் திரையும் வரைந்த துணி, மார்பில் மூன்று பதக்கங்கள். இந்த ஆள் உங்கள் பூட்டனாராகவும் வரக்கூடும். வந்தால் கீழே எழுதுங்கள், புகாரில் சேர்த்துவிடலாம்.